முதல் அலைச்சறுக்குப் பலகை: வாங்குவது, பார்த்துக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலைச்சறுக்கு பழக ஆரம்பிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பலகை, லீஷ் (பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு), ஃபின் (பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மீன் துடுப்பு போன்ற தகடு), வாக்ஸ் (கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் பூசும் மெழுகு), வெட்சூட் (குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை) இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, வாங்கியதை எப்படி நீண்ட நாள் உழைக்க வைப்பது என்பதுதான் விஷயம். என் பதில்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தவைதான். ஆரம்பத்தில் வாங்கும் பொருள் உங்களுக்கு அதிக அலைகளைப் பிடித்துத் தர வேண்டும். அதற்கு உதவாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்த எடுப்பிலேயே சொந்தப் பலகை வாங்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். முடிந்தால் ஒவ்வொரு முறையும் வேறு நீளம், வேறு அகலம் உள்ள பலகையாகக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பலகையில் படுத்துக் கையால் துழாவும்போது கை வலிக்கவில்லை, எதில் எழுந்து நிற்க நேரம் கிடைக்கிறது என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். கடலுக்கு அடிக்கடி போகிறோம், வாடகைப் பலகை கிடைக்காத நாளில் எரிச்சல் வருகிறது என்ற நிலை வந்தால் அப்போது வாங்கலாம்.

முதல் பலகை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரியவர்களுக்கு 8 அடி நல்ல தொடக்கம். உயரமும் எடையும் கூடுதலாக இருந்தால் 9 அடி. சிறுவர்களுக்கு 6 முதல் 7 அடி போதும். அகலம் 22 அங்குலத்துக்குக் குறையாமல், தடிமன் 3 அங்குலம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி.

காரணம் இதுதான். அலை உங்களை நோக்கி ஒரு வேகத்தில் வருகிறது. அது உங்களைக் கடந்து போவதற்குள் கையால் துழாவி அந்த வேகத்தை நெருங்கினால்தான் அலை உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். நீளமும் மிதப்பும் உள்ள பலகை தண்ணீரின் மேல் உயர்ந்து மிதக்கும், குறைந்த முயற்சியிலேயே வேகம் எடுக்கும், அலை உடைவதற்கு முன்பே, சரிவு மென்மையாக இருக்கும்போதே உங்களை ஏற்றிவிடும். குட்டையான பலகையில் அலை செங்குத்தாகும் கடைசி நொடி வரை காத்திருந்து, கண் இமைக்கும் நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். அது பழகியவர்களின் வேலை.

விற்பவர்கள் பலகையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். பலகை எவ்வளவு மிதக்கும் என்பதை அந்த எண் காட்டுகிறது. உங்கள் எடை எத்தனை கிலோவோ, லிட்டர் அதற்குக் குறையவே கூடாது, சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. 70 கிலோ எடை உள்ளவருக்கு 80 லிட்டர் சுற்றி உள்ள பலகை வசதியாக இருக்கும். தேர்ந்தவர்கள் தங்கள் எடையில் பாதிக்கும் குறைவான லிட்டரில் சறுக்குவார்கள். அவர்கள் பலகையைப் பார்த்து நீங்கள் அளவு எடுக்காதீர்கள். அலைச்சறுக்கை ஆசையோடு தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் பலரிடம் இருந்தது அளவுக்கு மீறிச் சிறிய பலகை. அலையே கிடைக்காமல் எத்தனை நாள்தான் ஒருவர் கடலில் துழாவிக்கொண்டிருப்பார்?

மென்பலகையா, கடினப் பலகையா?

மேற்பரப்பில் மெத்தென்ற நுரைப்படலம் ஒட்டிய மென்பலகைதான் என் தேர்வு. ஆரம்பத்தில் பலகை உங்கள் மேல் வந்து மோதும், பக்கத்தில் இருப்பவர் மேலும் மோதலாம். மென்பலகை இடித்தால் வலி, கடினப் பலகை இடித்தால் தையல். மணலிலோ படிக்கட்டிலோ லேசாகத் தட்டினாலும் மென்பலகை தாங்கும்.

வாங்கும்போது உள்ளே நீளவாக்கில் விறைப்புக் கொடுக்கும் மரச்சட்டம் அல்லது ஃபைபர் சட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இதை ஸ்ட்ரிங்கர் என்பார்கள். அது இல்லாத மலிவுப் பலகை சீக்கிரம் வளையும், நடுவில் மடியும். அடிப்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக் தகடாக இருக்க வேண்டும்.

கடினப் பலகையே வேண்டும் என்றால் பி.யு. நல்லதா, எபாக்சி நல்லதா?

பி.யு. என்பது பாலியூரித்தேன் நுரையின் மேல் கண்ணாடி இழைத் துணி போர்த்தி, பாலியெஸ்டர் ரெசின் பூசியது. எபாக்சிப் பலகையில் பெரும்பாலும் உள்ளே இருப்பது பாலிஸ்டைரின் நுரை, மேலே எபாக்சி ரெசின். எபாக்சி எடை குறைவு, அதிகம் மிதக்கும், சின்ன இடிகளைத் தாங்கும். ஆனால் விரிசல் விட்டால் பாலிஸ்டைரின் நுரை பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிடும். பி.யு. சற்றுக் கனம், சீக்கிரம் குழி விழும், ஆனால் சரிசெய்வது எளிது. பழகுகிறவருக்கு மிதப்பும் உறுதியும் முக்கியம் என்பதால் எபாக்சிப் பக்கமே சாய்வேன்.

ஏற்கெனவே பயன்படுத்திய பலகையை வாங்கலாமா?

தாராளமாக. பொறுமையாகப் பார்த்து வாங்கினால் போதும். வாக்ஸைச் சுரண்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதன் அடியில் விரிசல் ஒளிந்திருக்கும். பிறகு கட்டைவிரலால் பலகை முழுவதும் அழுத்திக்கொண்டே வாருங்கள். மேல்தோல் உள்ளே இறங்கி, விட்டதும் மேலே வந்தால் அது நுரையிலிருந்து பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பலகை வேண்டாம். நிற்கும் இடத்தில் குதிகால் பதிந்த சின்னக் குழிகள் இருந்தால் கவலை இல்லை, எல்லாப் பலகையிலும் அது வரும்.

அடுத்து, பலகையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குறுக்காகக் கோடு போன்ற மடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அது ஒரு முறை பாதி உடைந்த பலகை. ஃபின் பொருந்தும் குழியைச் சுற்றி விரிசல், லீஷ் கட்டும் குழியைச் சுற்றி விரிசல், இரண்டையும் தனியாகக் கவனியுங்கள். இழுவிசை முழுவதும் அங்கேதான் விழும். மொத்தமாக மஞ்சளாகியிருப்பது வெறும் வெயில் பட்ட வயசு. ஒரே இடத்தில் மட்டும் பழுப்பு படிந்திருந்தால் அங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கையில் தூக்கும்போது அளவுக்குப் பொருந்தாத கனம் தெரிந்தாலும் அதுதான் காரணம்.

ஃபின் எத்தனை வேண்டும்?

பலகையோடு வருவது போதும், இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்று அதிகம் பார்க்கும் மூன்று ஃபின் அமைப்பை ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1980-இல் வடிவமைத்தார். 1981-இல் பெல்ஸ் பீச் போட்டியை அதே பலகையில் அவர் வென்ற பிறகு உலகமே அதற்கு மாறியது. மென்பலகைகளில் பெரும்பாலும் இந்த மூன்றுதான் இருக்கும். பழகும்போது பிளாஸ்டிக் அல்லது ரப்பர் ஓரம் வைத்த ஃபின் நல்லது, காலைக் கிழிக்காது.

மாற்று ஃபின் வாங்கும் முன் உங்கள் பலகையின் குழி எந்த வகை என்று பாருங்கள். எஃப்.சி.எஸ்., ஃபியூச்சர்ஸ் இரண்டும் பரவலானவை, ஒன்றின் ஃபின் மற்றதில் பொருந்தாது. திருகை இறுக்கும் முன் குழியிலிருக்கும் மணலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அறுகோணச் சாவி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

லீஷ் எதற்கு? நான் நன்றாக நீந்துவேனே?

காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு உங்கள் வசதிக்காக மட்டும் இருப்பதில்லை. பிடிவிட்ட 8 அடிப் பலகை அலையோடு கரைக்குப் போகும் வழியில் குழந்தைகள் நிற்கலாம். அதனால் கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் லீஷ் இல்லாமல் இறங்காதீர்கள்.

நீளம் பலகையின் நீளம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். 8 அடிப் பலகைக்கு 8 அல்லது 9 அடி லீஷ், 7 மி.மீ. தடிமன் சரியாக இருக்கும். குட்டையாக இருந்தால் விழுந்தவுடன் பலகை உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். சுருள் சுருளாக இருக்கும் லீஷ் நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகைக்கானது, அலைக்கு அதை வாங்காதீர்கள்.

பின்னால் இருக்கும் காலில் கட்ட வேண்டும். எது பின்கால் என்று தெரியவில்லையா? காலுறை போட்டுக்கொண்டு வழவழப்பான தரையில் ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ அதற்கு எதிர்க்காலில் லீஷ். கயிறு வெளிப்பக்கமும் பின்பக்கமும் பார்த்து இருக்கும்படி பட்டையைச் சுற்றினால் காலில் சிக்காது.

இணைப்பு நூல் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. லீஷைப் பலகையோடு கட்டும் அந்தச் சிறு கயிறு பலகையின் வால் ஓரத்தைத் தாண்டித் தொங்கக் கூடாது. தாண்டினால் பெரிய அலை இழுக்கும்போது அது கத்தி மாதிரி ஓரத்தை அறுத்துவிடும். லீஷின் அகலமான துணிப் பட்டைதான் ஓரத்தில் படிய வேண்டும்.

லீஷ் ரப்பர் போல இழுத்துத் திரும்பும் என்பதையும் மறக்கக் கூடாது. வெட்சூட்டுக்குப் பெயர் பெற்ற ஜாக் ஓ'நீல் 1971-இல் லீஷ் சுண்டி இழுத்த பலகை மோதி இடது கண்ணை இழந்தார். அந்தக் காலத்து லீஷ்கள் மருத்துவ ரப்பர் குழாயால் ஆனவை. இன்றைய யூரித்தேன் கயிறு அந்த அளவுக்கு நீளாது, ஆனாலும் நீளும். எனவே விழுந்தால் தலையைக் கைகளால் மூடிக்கொண்டே மேலே வாருங்கள். இதைப் பழக்கமாக்கிவிடுங்கள்.

லீஷை எப்போது மாற்ற வேண்டும்?

கயிற்றில் சின்ன வெட்டு தெரிந்த அன்றே. இறங்கும் முன் விரல்களுக்கு நடுவே கயிற்றை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத வெட்டும் விரலில் படும். வெல்க்ரோ பிடிப்பு தளர்ந்தாலும், சுழலும் உலோகத் துண்டு துருப்பிடித்து இறுகினாலும் மாற்றுங்கள். அடிக்கடி கடலுக்குப் போகிறவர் வருஷத்துக்கு ஒரு முறை புதிது வாங்குவது நியாயமான கணக்கு. பலகையைச் சுற்றி லீஷை இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், மடங்கிய இடம்தான் முதலில் அறுந்துபோகும்.

மென்பலகைக்கும் வாக்ஸ் பூச வேண்டுமா?

சொரசொரப்பாக இருக்கிறதே என்று பலர் பூசுவதில்லை. ஈரமானதும் கால் வழுக்கினால் பூசுங்கள், பெரும்பாலும் தேவைப்படும்.

வாக்ஸ் கட்டியின் மேல் தண்ணீரின் வெப்பநிலை எழுதியிருக்கும். 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள கடலுக்கு டிராபிகல், சுமார் 19 முதல் 24 வரை வார்ம், அதற்குக் கீழே கூல், 15-க்கும் கீழே கோல்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் கோல்டு வாக்ஸ் பூசினால் உருகி வழியும். குளிர்ந்த தண்ணீரில் டிராபிகல் பூசினால் கல்லாக இறுகி வழுக்கும்.

முதலில் கெட்டியான அடிப்பூச்சு வாக்ஸைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். முத்து முத்தாக மேடு கட்டும் வரை அழுத்தாமல் தேய்த்தால் போதும். அப்புறம் அதன் மேல் தண்ணீருக்கு ஏற்ற வாக்ஸ். நெஞ்சு படும் இடத்திலிருந்து வால் வரை, நீங்கள் படுக்கும், நிற்கும் பகுதி முழுவதும் பூசுங்கள். அடிப்பக்கம் கூடவே கூடாது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேலே லேசாக ஒரு தடவை தேய்த்துக்கொள்ளலாம். மணலும் அழுக்கும் சேர்ந்து கறுத்துப்போனால் சில நிமிடம் வெயில் காட்டி, இளகியதும் வாக்ஸ் சீப்பின் நேரான பக்கத்தால் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். மென்பலகையில் பெட்ரோல், தின்னர் எதையும் போட்டுத் துடைக்காதீர்கள், நுரை கரைந்துவிடும்.

வெட்சூட் தேவையா? எவ்வளவு தடிமன்?

கடலின் வெப்பத்தைப் பொறுத்தது. 24 டிகிரிக்கு மேல் என்றால் ராஷ்கார்டு எனப்படும் இறுக்கமான சட்டையும் அரைக்கால் சட்டையும் போதும். பலகையில் வயிறும் நெஞ்சும் உரசிப் புண்ணாகாமல் இருக்கவும், முதுகு வெயிலில் வேகாமல் இருக்கவும் ராஷ்கார்டு அவசியம். 20 முதல் 24 வரை குட்டைக் கை, குட்டைக் கால் உள்ள 2 மி.மீ. வெட்சூட். 17 முதல் 20 வரை 3/2, 13 முதல் 16 வரை 4/3, அதற்கும் குளிர்ந்தால் 5/4-ஓடு காலணி, கையுறை, தலைமூடி. 3/2 என்றால் உடற்பகுதியில் 3 மி.மீ., கை கால்களில் 2 மி.மீ. ரப்பர்.

நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. 1952-இல் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் இதைப் புரிந்துகொண்டதிலிருந்துதான் இன்றைய வெட்சூட் பிறந்தது. தண்ணீர் உள்ளே தாராளமாக ஓடினால் இந்தப் பயன் போய்விடும், அதனால் அளவு பிடிப்பாக இருக்க வேண்டும். போட்டுப் பார்க்கும்போது இடுப்பின் பின்புறம், அக்குள், கழுத்து மூன்றிலும் இடைவெளி இருக்கக் கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்ற முடிய வேண்டும். காய்ந்த நிலையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தால் அதுதான் சரியான அளவு.

போடும்போது பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கி இறங்கும். நகத்தால் பிடித்து இழுக்காதீர்கள், விரல் நுனியால் மடித்துப் பிடியுங்கள்.

சூரியத் தடுப்புக் களிம்பு எது வாங்கலாம்?

தண்ணீரில் கரையாத, சிங்க் ஆக்சைடு உள்ள கெட்டிக் களிம்பு. முகத்தில் வெள்ளையாக நிற்கும், நின்றால்தான் வேலை செய்கிறது. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளத்தைப் பாதிக்கும் என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் அவை கலந்த களிம்புகளின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. அவை இல்லாததைப் பார்த்து வாங்குங்கள்.

கடலிலிருந்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆனால் அதை அன்றே செய்ய வேண்டும்.

பலகை, ஃபின் குழி, லீஷின் சுழலும் பகுதி இவற்றில் உப்பும் மணலும் தங்கும். குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால் போதும். ஈரத்தோடு பைக்குள் திணித்து வைக்காதீர்கள். வெட்சூட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, இடுப்பில் பாதியாக மடித்து அகலமான ஹேங்கரில் போடுங்கள். தோளில் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் தோள் நீண்டுவிடும். உள்பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள். வெந்நீர், சலவை இயந்திரம், இஸ்திரி எதுவும் வேண்டாம். நேர் வெயில் நியோப்ரீனை விறைத்துப் போகச் செய்யும்.

பலகையை ஓரம் கீழே இருக்கும்படி ஒருக்களித்தோ, மெத்தென்ற தாங்கிகள் மேல் படுக்க வைத்தோ வையுங்கள். வால் தரையில் இடிக்கும்படி சிமென்ட் தரையில் நிற்க வைத்தால் காற்றுக்கோ கைபட்டோ ஒருநாள் கட்டாயம் விழும்.

பலகையைக் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாமா?

வெயில் நாளில் கூடாது. மூடிய காருக்குள் ஏறும் சூடு பலகைக்கு அலையைவிடப் பெரிய எதிரி. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, தோலை நுரையிலிருந்து பிரித்துக் கொப்புளம் போல எழுப்பிவிடும். மென்பலகைக்கும் எபாக்சிக்கும் இந்த ஆபத்து கூடுதல். சில எபாக்சிப் பலகைகளில் காற்று போகச் சின்னத் திருகு இருக்கும். பயணத்தில் அதைத் தளர்த்துங்கள், தண்ணீரில் இறங்கும் முன் மறக்காமல் இறுக்குங்கள். கரையிலும் பலகையைக் கவிழ்த்து நிழலில் போடுங்கள், இல்லையென்றால் வாக்ஸ் உருகி ஓடும்.

காரின் மேல் ஏற்றும்போது கம்பிகளுக்கு மெத்தை சுற்றி, பலகையைக் கவிழ்த்து, ஃபின் முன்பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். பட்டை தளர்ந்து பலகை பின்னால் நழுவினாலும் ஃபின் பட்டையில் சிக்கி நிற்கும். கையால் இழுத்து இறுக்கும் பட்டை போதும். நெம்பி இறுக்கும் லாரிப் பட்டைகள் பலகையை நசுக்கிவிடும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் வேகத்தில் எழும் அந்த உறுமல் சத்தம் வராது.

பலகையில் ஓட்டை விழுந்துவிட்டது. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

கடினப் பலகை என்றால் உடனே கரை ஏறுங்கள். நுரை வெளியே தெரியும் ஓட்டையோடு ஒவ்வொரு நிமிடமும் தண்ணீர் உள்ளே போகிறது. வீட்டுக்கு வந்ததும் ஓட்டை கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து வையுங்கள். வடிந்து, உள்ளே முழுவதும் காய நாட்கள் ஆகும். ஈரத்தின் மேல் மூடினால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கித் தோலைப் பிரித்துவிடும்.

காய்ந்த பிறகு ஓட்டையைச் சுற்றியுள்ள தளர்ந்த துண்டுகளை நீக்கி, உப்புத்தாளால் ஓரங்களைச் சொரசொரப்பாக்கி, ரெசின் பூசுங்கள். வெயில் பட்டால் இறுகும் ரெசின் குழாயாகக் கிடைக்கிறது, சின்ன ஓட்டைக்கு அதுவே போதும். நிழலில் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிச் சமன்செய்து, வெயிலில் சில நிமிடம் காட்டுங்கள். இறுகியதும் மீண்டும் உப்புத்தாள். கண்ணாடி இழைத் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வெளியிடத்தில் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாலியெஸ்டர் ரெசின் பாலிஸ்டைரின் நுரையைக் கரைத்துவிடும். எபாக்சிப் பலகைக்கு எபாக்சி ரெசின் மட்டுமே. உங்கள் பலகை எந்த வகை என்று தெரியவில்லை என்றாலும் எபாக்சியே வாங்குங்கள், அது இரண்டிலும் ஒட்டும். ஃபின் குழி உடைந்தாலோ, ஸ்ட்ரிங்கர் முறிந்தாலோ பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மென்பலகையின் மேல்தோல் கிழிந்தால் நன்றாகக் காயவைத்து, நுரைக்குப் பொருந்தும் நீர்புகாப் பசையால் ஒட்டலாம். அடித்தகடு பிரிந்து தண்ணீர் புகுந்து கனத்துவிட்டால் அந்தப் பலகையின் ஆயுள் முடிந்தது.

எப்போது சிறிய பலகைக்கு மாறலாம்?

உடையாத பச்சை அலையை நீங்களாகவே பிடித்து, நின்று, இடமும் வலமும் திரும்ப முடிகிறபோது. நுரை அலையில் நேராகக் கரைக்கு வருவது மட்டும் போதாது. மாறும்போதும் 8 அடியிலிருந்து நேராக 6 அடிக்கு இறங்காதீர்கள். 7 அடி, ஏழரை அடி என்று படிப்படியாக வாருங்கள், அகலத்தையும் தடிமனையும் முடிந்தவரை விடாதீர்கள். பழைய பெரிய பலகையை விற்க அவசரப்பட வேண்டாம். முழங்கால் உயர அலை மட்டும் வரும் நாட்களில் புதுப் பலகை ஓடாது, அதுதான் ஓடும்.